யோபுவின் நண்பர்களும் என் அம்மாவின் செபமாலையும்

அப்பா இறந்த அன்று எங்கள் தெருவுக்குச் சவ வண்டி வரவில்லை. அது பங்குக் கோயிலுக்குச் சொந்தமான வண்டி. ஊர், சேரி என்று பார்க்காமல் எல்லாக் குடும்பங்களிடமும் வரி வசூலித்துத்தான் அதைச் செய்தார்கள். அப்பாவும் கொடுத்தார். அந்த ரசீது இன்றும் அம்மாவின் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. ஆனால் வண்டி நிற்கும் கொட்டகையின் சாவி ஊர்த் தெருவில் ஒருவரிடம் இருக்கும். அன்று அவர் வெளியூர் போயிருந்தார். எங்கள் தெருவில் யார் செத்தாலும் அவர் வெளியூர் போய்விடுவார். அப்பாவைத் தோளில் தூக்கிக்கொண்டு வாய்க்கால் கரை வழியாகச் சுற்றிக்கொண்டு போய், கல்லறைத் தோட்டத்தில் எங்களுக்கென்று விடப்பட்ட பள்ளமான மூலையில் புதைத்துவிட்டு வந்தோம்.

ஏழாம் நாள் பூசையில் பங்குச் சாமியார் யோபுவைப் பற்றிப் பிரசங்கம் வைத்தார். பிள்ளைகளையும் ஆடுமாடுகளையும் இழந்து, உடம்பெல்லாம் புண்ணாகிச் சாம்பலில் உட்கார்ந்திருந்த யோபு பொறுமையாக இருந்தான், கடைசியில் இழந்ததெல்லாம் இரட்டிப்பாகத் திரும்பக் கிடைத்தது, ஆண்டவர் தனக்குப் பிரியமானவர்களைத்தான் சோதிப்பார், பொறுத்துக்கொள்ளுங்கள் என்றார். நல்ல மனிதர்தான். குரலில் இரக்கம் இருந்தது. அம்மா முக்காட்டுக்குள் கேட்டுக்கொண்டிருந்தார்.

அன்று இரவு அடுப்படியில் அம்மா சொன்னார்: "அப்பாவுக்கு நோவு வந்துச்சு, அது சோதனைன்னா ஒத்துக்கறேன்டா. வண்டிச் சாவி ஆண்டவர்கிட்டயா இருக்கு?"

சில வருடங்கள் ஆகிவிட்டன. துன்ப காலத்தில் கிறித்தவ விசுவாசம் என்ற தலைப்பில் எந்தப் பிரசங்கத்தைக் கேட்டாலும், எந்தத் துண்டுப் பிரசுரத்தைப் படித்தாலும் எனக்கு அந்தக் கேள்விதான் நினைவுக்கு வருகிறது. இந்தக் கட்டுரை அதைப் பற்றியதுதான்.

இரண்டு துன்பங்கள்

மனிதருக்கு வரும் துன்பத்தில் இரண்டு வகை உண்டு. புற்றுநோய், விபத்து, மழை பொய்த்துப் போவது, பெற்ற பிள்ளை முன்னால் போய்விடுவது எல்லாம் ஒரு வகை. இது ஊர்த் தெருவுக்கும் வரும், சேரிக்கும் வரும். ஆறுதல் வார்த்தையும் செபமும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதரும் இங்கே பெரிய மருந்து. இதை நான் கேலி செய்ய மாட்டேன். அப்பாவின் கடைசி மாதங்களில் அம்மாவைத் தாங்கியது அந்தச் செபமாலைதான் என்பதை நேரில் பார்த்தவன் நான்.

இன்னொரு துன்பத்துக்கு முகவரி உண்டு. அதைச் செய்தவர் யார், எந்தத் தெருவில் இருக்கிறார், எந்த அமைப்பின் பலத்தில் செய்கிறார் என்று விரல் நீட்டிச் சொல்ல முடியும். கல்லறைக்கு நடுவே சுவர் கட்டுவதும், தேர்ப் பவனி சேரிக்குள் வராமல் திரும்பிவிடுவதும், பங்குப் பேரவையில் எங்களுக்கு ஒப்புக்கு ஒரு நாற்காலி போடுவதும் இந்த வகை. இதற்கு மருந்து ஆறுதல் இல்லை, நீதி.

நம் திருச்சபைகள் இந்த இரண்டையும் ஒரே பாத்திரத்தில் போட்டுக் கலக்கிவிடுகின்றன. நோய்க்குச் சொல்ல வேண்டியதைச் சாதிக்கும் சொல்கின்றன. 'சிலுவை' என்ற ஒரு சொல்லுக்குள் எல்லாம் அடங்கிவிடுகிறது. அந்தச் சிலுவையை அறைந்தவன் யார் என்று மட்டும் கேட்கக் கூடாது.

யோபுவின் கதையையே எடுத்துக்கொள்வோம். பிரசங்கத்தில் வரும் யோபு முதல் இரண்டு அதிகாரங்களின் யோபு. அதற்குப் பிறகு நாற்பது அதிகாரங்கள் இருக்கின்றன. அங்கே அவன் பொறுமையாக இல்லை. பிறந்த நாளைச் சபிக்கிறான். தன் மீது குற்றம் இல்லை என்கிறான். கடவுளையே வழக்குக்கு அழைக்கிறான். அவனைப் பார்க்க வந்த மூன்று நண்பர்கள்தான் பிரசங்கம் செய்கிறார்கள்: நீ ஏதோ தப்புச் செய்திருப்பாய், கடவுள் காரணமில்லாமல் தண்டிக்க மாட்டார், வாயை மூடிக்கொண்டு தாழ்ந்து போ. கதையின் முடிவில் கடவுள் யார் மீது கோபப்படுகிறார் தெரியுமா? கேள்வி கேட்ட யோபுவின் மீது அல்ல. என்னைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை என்று அந்த நண்பர்களைத்தான் கண்டிக்கிறார். யோபு அவர்களுக்காக வேண்டிக்கொண்ட பிறகுதான் அவர்களை மன்னிக்கிறார்.

வேதாகமத்தில் இப்படி இருக்க, பீடத்தில் நிற்பவர்கள் யோபுவின் நண்பர்களாக நின்றுகொண்டு எங்களை யோபுவாக இருக்கச் சொல்கிறார்கள்.

இதை அண்ணல் அம்பேத்கர் கூர்மையாகப் பார்த்திருக்கிறார். மதம் மாறிய தீண்டப்படாதோரின் நிலை பற்றி எழுதியபோது, அவர்களுடைய வீழ்ச்சிக்குக் காரணம் அவர்களைச் சூழ்ந்திருந்த சமூக அமைப்பு என்று சொல்வதை விட்டுவிட்டு, அவர்களுடைய பாவம்தான் காரணம் என்று கிறித்தவப் போதகர்கள் கற்பித்ததைக் குறையாகச் சுட்டினார். பாவம்தான் காரணம் என்றால் மன்னிப்புக் கேட்க வேண்டியவர் அடிபட்டவர். சமூகம்தான் காரணம் என்றால் கணக்குச் சொல்ல வேண்டியவர் அடித்தவர். இந்த இடம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

கஞ்சிக்கு மாறியவர்களா?

இன்னொரு பக்கத்திலிருந்தும் எங்களுக்கு அடி விழுகிறது. "அரிசிக்கும் பால் பவுடருக்கும் மாறியவர்கள்தானே நீங்கள்" என்று சங்கிகள் கேட்பார்கள். சில நேரம் நம் தோழர்களின் வாயிலிருந்தும் அதே சொல் வேறு தொனியில் வரும். அதற்கு வரலாற்றிலிருந்து ஒரு பதில்.

1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைத் தின்ற தாது வருடப் பஞ்சம் நமக்குத் தெரியும். அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த ஓங்கோலில் ஜான் கிளவ் என்ற அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரி இருந்தார். பக்கிங்காம் கால்வாயில் மூன்றரை மைல் தூரத்தை வெட்டும் ஒப்பந்தத்தை எடுத்து, பட்டினியில் கிடந்த மக்களுக்குக் கூலி வேலை கொடுத்தார். வந்தவர்களில் பெரும் பகுதி மாதிகர்கள், அதாவது தோல் தொழில் செய்த தீண்டப்படாத மக்கள். ஆயிரக்கணக்கானோர் ஞானஸ்நானம் கேட்டார்கள். கிளவ் மறுத்துவிட்டார். சோற்றுக்காக வருகிறார்கள் என்ற பேச்சு வரக் கூடாது என்று, நிவாரண வேலை நடந்த காலம் முழுக்க ஞானஸ்நானத்தை நிறுத்தி வைத்தார். பஞ்சம் தணிந்து, கூலியும் கஞ்சியும் நின்ற பிறகும் அவர்கள் வந்தார்கள். 1878 ஜூலை 3 அன்று ஒரே நாளில் 2,222 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள்.

கொடுக்க ஒன்றும் இல்லாதபோது ஏன் வந்தார்கள்? அவர்களுக்கு முன்பே, 1866-இல், எர்ரகுண்ட்ல பெரையா என்ற மாதிகர் ஞானஸ்நானம் பெற்றிருந்தார். அவரும் அவர் போன்றவர்களும் கிராமம் கிராமமாக நடந்து பரப்பிய செய்தி அது. வெள்ளைக்காரர் வந்து கொட்டியது அல்ல. மாறியவர்கள் ஏற்றுக்கொண்ட கட்டுப்பாடுகளைப் பாருங்கள்: செத்த மாட்டை உண்பதில்லை, சிலைகளை வணங்குவதில்லை, ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போவதில்லை என்பதைப் பண்ணையார் கண்ணோடு படித்துப் பாருங்கள். கேட்பாரில்லாமல் ஏழு நாளும் உழைத்த கூட்டம், ஒரு நாள் எனக்கு என்கிறது. ஊர்த் தலைவர்கள் சும்மா விடவில்லை, துன்புறுத்தல் வந்தது. அதைத் தெரிந்துகொண்டே மாறினார்கள்.

ஆக, எங்கள் முன்னோருக்கு விசுவாசம் என்பது துன்பத்தைத் தாங்குவதற்கான மயக்க மருந்தாக வரவில்லை. துன்பம் தருகிறவனிடம் 'மாட்டேன்' என்று சொல்லும் பலமாக வந்தது. அந்த விசுவாசத்தைப் பின்னால் வந்த சபைகள்தான் பொறுமையாக மாற்றிவிட்டன.

விசுவாசத்துக்கு அரசு வைத்த விலை

1950 ஆகஸ்ட் 10 அன்று வெளியான பட்டியல் சாதிகள் ஆணையின் மூன்றாவது பத்தி, இந்து மதம் அல்லாத வேறு மதத்தைப் பின்பற்றுபவர் பட்டியல் சாதியாகக் கருதப்பட மாட்டார் என்றது. 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் கதவு திறந்தது. கிறித்தவருக்கும் முஸ்லிமுக்கும் இன்னும் திறக்கவில்லை. அதனால்தான் ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 10-ஐத் தலித் கிறித்தவர்கள் கறுப்பு நாளாகக் கடைப்பிடிக்கிறார்கள்.

இந்த மூன்றாவது பத்தி ஒரு மனிதனின் வாழ்க்கையில் என்ன செய்யும் என்பதற்கு சூசை வழக்கு சாட்சி. சென்னையில் ஜெனரல் பாட்டர்ஸ் சாலையும் மவுண்ட் ரோடும் சேரும் இடத்தில் சாலையோரமாக உட்கார்ந்து செருப்புத் தைத்தவர் சூசை. ஆதிதிராவிடர், கிறித்தவராக மாறியவர். 1982-இல் சாலையோரச் செருப்புத் தொழிலாளிகளுக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தது. அதே வெயிலில், அதே தொழில் செய்தவர்களுக்குக் கிடைத்தது. சூசைக்குக் கிடைக்கவில்லை, அவர் கிறித்தவர் என்பதால். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1985-இல் தீர்ப்பு வந்தது. மதம் மாறிய பிறகும் சாதி தொடர்கிறது என்று காட்டினால் மட்டும் போதாது, அதனால் வரும் ஊனங்களும் கிறித்தவ சமூகத்துக்குள் அதே கடுமையோடு தொடர்கின்றன என்று நிரூபிக்க வேண்டும் என்று சொல்லி மனுவைத் தள்ளுபடி செய்தது.

கையில் ஊசியும் நூலும் வைத்திருந்த மனிதனிடம் ஆய்வறிக்கை கேட்டது நீதிமன்றம். அவர் உட்கார்ந்திருந்த இடமே அறிக்கைதான்.

அதற்குப் பிறகு ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-இல் மூன்றாவது பத்தியை நீக்கச் சொன்னது. ஒன்றிய அரசு ஏற்கவில்லை. 2022-இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையம் போட்டார்கள். 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தலித் கிறித்தவர்களைப் பட்டியலில் சேர்க்கக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. மறுபக்கம், 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், கிறித்தவ நம்பிக்கையோடு வாழ்ந்துகொண்டு வேலைக்காக மட்டும் இந்து என்று சான்றிதழ் கேட்பது அரசியல் சட்டத்துக்கே மோசடி என்றது உச்ச நீதிமன்றம். 2025-இல் ஆந்திர உயர் நீதிமன்றம், கிறித்தவராகி விட்டவர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பைக் கோர முடியாது என்றது.

சாதி பார்த்து அடிப்பவன் ஞானஸ்நானச் சான்றிதழைக் கேட்டுவிட்டு அடிப்பதில்லை. சட்டம் மட்டும் கேட்கிறது.

இந்தச் சூழலில் என் தலைமுறையில் பலர் பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயரும் கோயில் பதிவேட்டில் ஒரு பெயருமாக வாழ்கிறோம். இதைப் பித்தலாட்டம் என்கிறவர்கள், உன் பிள்ளையின் படிப்பா உன் தாயின் செபமா, ஒன்றைத் தேர்ந்தெடு என்று எங்களிடம் சொன்னது யார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வேறு எந்தக் குடிமகனுக்கும் விசுவாசம் இந்த விலையில் விற்கப்படுவதில்லை.

திருச்சபையின் இரண்டு நாக்குகள்

அரசைக் கேட்கும் உரிமை எங்களுக்கு உண்டு. ஆயர்களுக்கு உண்டா என்பதில்தான் எனக்குச் சந்தேகம். டெல்லிக்குப் போனால், கிறித்தவத்துக்குள்ளும் சாதி இருக்கிறது, அதனால் சலுகை வேண்டும் என்கிறார்கள். ஊருக்குத் திரும்பினால், கிறித்துவுக்குள் சாதி இல்லை, அதைப் பேசி ஒற்றுமையைக் குலைக்காதீர்கள் என்கிறார்கள்.

வடக்கன்குளத்தில் இரண்டு சாதிகள் ஒன்றையொன்று பார்க்காமல் பூசை காண இரண்டு சிறகுகளாகக் கோயில் கட்டப்பட்டது 19-ஆம் நூற்றாண்டில். உள்ளே இருந்த தடுப்பை 1910-இல் காசானெல் சுவாமியார் இடித்தார். திருச்சி மேலப்புதூரில் கல்லறைத் தோட்டத்துக்குள் சாதிச் சுவர் 21-ஆம் நூற்றாண்டிலும் நின்றது. அப்போதைய விழுப்புரம் மாவட்டம் எறையூரில், தனிப் பங்கும் சம மரியாதையும் கேட்ட தலித் கத்தோலிக்கர்களின் வீடுகள் 2008 மார்ச்சில் தாக்கப்பட்டன. காவல்துறை துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். அடித்தவர்களும் அடிபட்டவர்களும் ஒரே மாதாவின் பிள்ளைகள்.

சாதி பற்றித் தமிழ்நாட்டு ஆயர்களை இரண்டாம் ஜான் பால் 2003-இலேயே நேரில் எச்சரித்திருக்கிறார். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016-இல் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கையில், சபைக்குள் தீண்டாமை இருப்பதைத் தானே ஒப்புக்கொண்டது. 2022-இல் ஹைதராபாத் பேராயர் அந்தோணி பூலா முதல் தலித் கர்தினால் ஆனார். இவையெல்லாம் நல்ல செய்திகள்தான். ஆனால் ரோமில் ஒரு தலித்துக்குச் சிவப்புத் தொப்பி கிடைத்த பிறகும், எங்கள் ஊரில் கொட்டகைச் சாவி அதே வீட்டில்தான் தொங்குகிறது.

அப்படியானால் ஏன் போகவில்லை?

தோழர்கள் கேட்பது இதுதான். ஏன் இன்னும் அந்தக் கோயிலுக்குப் போகிறீர்கள்? நியாயமான கேள்வி. போனவர்கள் இருக்கிறார்கள். பாமா ஏழு ஆண்டுகள் கன்னியர் மடத்தில் இருந்துவிட்டு, அங்கே ஏழைகளைப் பற்றிப் பேசியதற்கும் வாழ்ந்ததற்கும் இருந்த தூரத்தைத் தாங்க முடியாமல் 1992-இல் வெளியேறினார். அந்த ஆண்டு வந்த 'கருக்கு' எங்கள் வீட்டுப் பெண்களைப் பேச வைத்த புத்தகம். பௌத்தம் ஏற்றவர்களும் உண்டு. எந்தக் கடவுளும் வேண்டாம் என்று பெரியார் வழியில் போனவர்களும் உண்டு. நானும் பாதி அந்தப் பக்கம்தான் நிற்கிறேன்.

ஆனால் என் அம்மாவைப் போன்றவர்கள் ஏமாளிகளாக இருப்பதால் அங்கே இருக்கவில்லை. அந்தக் கோயிலின் கல்லைச் சுமந்தது எங்கள் பாட்டிகள். "நான் ஏன் போவணும்? அவனுவ அப்பன் வூடா அது?" என்பார் அம்மா. இது பக்தி மட்டும் இல்லை, சொத்துரிமை வழக்கும்கூட.

இந்த விசுவாசத்துக்கு மொழி கொடுத்தவர்களும் இருந்தார்கள். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் இருந்த தியாபிலஸ் அப்பாவு, மக்கள் 'பரட்டை' என்று அழைத்த பாட்டுக்காரர், 'ஒரே உலை' என்றொரு இறையியலைச் சொன்னார். கூட்டுக் குடும்பத்தில் எல்லாருக்கும் ஒரே உலையில் சோறு வேகும். உலை பிரிந்தால் குடும்பம் பிரிந்தது என்று அர்த்தம். கடவுள் பெற்றவர் என்றால் பிள்ளைகளுக்கு உலை ஒன்றாகத்தான் இருக்க வேண்டும்; சாதியும் வர்க்கமும் பிரித்த உலைக்கு முன்னால் நின்று நற்கருணை கொடுப்பதற்கு அர்த்தம் இல்லை என்பது அதன் சாரம். கிரேக்கமும் எபிரேயமும் படிக்காத என் அம்மாவுக்கு ஒரு நிமிடத்தில் புரியும் இறையியல் இது.

ஸ்டேன் சாமியையும் நினைத்துப் பாருங்கள். திருச்சி மாவட்டத்து விரகாலூரில் பிறந்து, ஜார்க்கண்டின் ஆதிவாசிகளோடு வாழ்ந்த இயேசு சபைத் துறவி. 83 வயதில், நடுக்குவாத நோயோடு, 2020 அக்டோபரில் ஊபா சட்டத்தில் கைது செய்யப்பட்டார். தண்ணீர் குடிக்க ஓர் உறிஞ்சு குவளைக்காக நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டியிருந்தது. 2021 ஜூலை 5 அன்று பிணை கிடைக்காமலேயே இறந்தார். துன்ப காலத்தில் விசுவாசம் என்று பிரசங்கிக்க விரும்பும் சாமியார்களுக்கு இதைவிட எடுத்துக்காட்டு வேண்டுமா? அவர் துன்பத்தைத் தேடிப் போய்ப் பொறுத்துக்கொண்டவர் அல்ல. நிலம் பறிபோனவர்களின் பக்கம் நின்றதால் துன்பம் அவரைத் தேடி வந்தது.

சாவியைக் கேட்போம்

திருச்சபைக்கு நாங்கள் சொல்வது சிக்கலானது அல்ல. சவ வண்டியும் கல்லறையும் பொது என்று ஒவ்வொரு பங்கிலும் எழுத்தில் அறிவியுங்கள். மீறுகிற பங்கில் திருவிழாவை நிறுத்துங்கள். சாதிச் சண்டை வந்தால் எங்கள் பூசையை நிறுத்தத் தெரிகிறதல்லவா, அதே அதிகாரம்தான். பங்குப் பேரவையில் மக்கள் தொகைக்கு ஏற்ற இடம் வேண்டும். உங்கள் கல்லூரி, மருத்துவமனை, பள்ளி வேலைகளில் எங்கள் பிள்ளைகள் எத்தனை பேர் என்று ஆண்டுதோறும் கணக்கு வெளியிடுங்கள். இதற்கு டெல்லியின் அனுமதி தேவையில்லை. 1950 ஆணையைத் திருத்த வேண்டியதும் இல்லை. இதையெல்லாம் செய்யும் வரை யோபுவைப் பற்றிப் பிரசங்கம் வைக்காதீர்கள்.

தோழர்களுக்கு ஒன்று. எங்கள் அம்மாக்களின் செபமாலையைப் பிடுங்க வராதீர்கள். அந்தக் கையோடு சேர்ந்து நில்லுங்கள்.

இயேசு சொன்ன கதைகளில் ஒரு விதவை வருகிறாள். கடவுளுக்கும் பயப்படாத, மனிதரையும் மதிக்காத ஒரு நீதிபதியிடம் அவள் திரும்பத் திரும்பப் போய் நியாயம் கேட்கிறாள். தொல்லை தாங்காமல் கடைசியில் அவன் தீர்ப்புச் சொல்கிறான். மனம் தளராமல் செபிக்க வேண்டும் என்று சொல்வதற்காக இயேசு இந்தக் கதையைச் சொன்னதாக லூக்கா எழுதுகிறார். அதாவது, செபத்துக்கு அவர் காட்டிய எடுத்துக்காட்டு மண்டியிட்டு அழுகிற பெண் இல்லை. வழக்காடுகிற பெண்.

போன நவம்பர் 2, கல்லறைத் திருநாள். அப்பாவின் குழி மேட்டில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு அம்மா நேராக வீட்டுக்கு வரவில்லை. தெருப் பெண்கள் பதினேழு பேரோடு பங்குச் சாமியாரின் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்தார். கையில் ஆயருக்கு எழுதிய மனு. முதல் கைநாட்டு அம்மாவுடையது. வரி கட்டிய ரசீதின் நகலும் இணைத்திருந்தது. சாமியார் மனுவை வாங்கிக்கொண்டு, செபியுங்கள், பார்ப்போம் என்றாராம்.

"செபிச்சுக்கிட்டுதான் சாமி வந்திருக்கோம்" என்றாராம் அம்மா.

இதுவரை பதில் வரவில்லை. அடுத்த மாதம் மறுபடியும் போகிறார்கள்.